சிவப்புப் புள்ளி வைத்த டம்ளர்

எங்கள் தோட்டத்து ஸ்டோரில் இருமாமல் வேலை செய்த ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதிலும் தூள் சலிக்கிற பகுதியில் நிற்பவர்களுக்கு இருமல் சம்பளத்தோடு சேர்ந்து வரும். அப்பா அங்கேதான் வேலை செய்தார். வேலை விட்டு வரும்போது புருவம், காதுமடல், மூக்கு எல்லாம் தூள் அப்பியிருக்கும். எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் குழாயடியில் நின்று முகம் கழுவி, கறுப்பாகத் துப்பிவிட்டு, "இன்னைக்கும் ஒரு பொட்டலம் தூளு கொண்டாந்திட்டேன், தண்ணிய கொதிக்க வை" என்று அம்மாவிடம் சொல்வார். ஓய்வு பெறும்வரை அதே பகிடிதான். அம்மா முகத்தைக்கூடத் திருப்ப மாட்டார். நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பேன்.

ஆகவே ஓய்வு பெற்ற பிறகும் அவர் இருமிக்கொண்டே இருந்தபோது எங்கள் ஹுன்னஸ்கிரிய மலையில் ஒரு குருவிக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. "இத்தன வருசமா தின்ன தூளு, லேசுல போயிருமா?" என்றார்கள். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள். பக்கத்து லயத்துப் பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான் இருமினார்கள். பத்துப் பேர் இருமுகிற இடத்தில் ஒருவரின் இருமல் மட்டும் வேறு என்று யாருக்குக் கேட்கும்?

நான் அப்போது கல்யாணமாகி கெலிஓயாவில் வாடகை வீட்டில் இருந்தேன். கண்டி டவுனில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. இரத்தம், சிறுநீர், சளி என்று பிறர் முகம் சுளிக்கிற எல்லாவற்றோடும்தான் என் பகல் கழியும். தீபாவளிக்கு மலைக்குப் போயிருந்தபோது அப்பா சட்டை மாற்றுவதைப் பார்த்தேன். கழுத்தெலும்புக்குப் பின்னால் ஒரு கை தண்ணீர் ஊற்றி வைக்கலாம்போலப் பள்ளம் விழுந்திருந்தது. ராத்திரியானால் வேர்த்துக் கொட்டுகிறது என்று சாதாரணமாகச் சொன்னார். ஹுன்னஸ்கிரிய குளிரில் யாருக்காவது வேர்க்குமா? மறுநாள் விடிந்ததும் ஒரு சின்னப் போத்தலைக் கையில் கொடுத்து, "நல்லா ஆழத்துலருந்து இருமித் துப்புங்கப்பா" என்றேன். "இதுக்குத்தான் ஒன்னய படிக்க வச்சேனா?" என்று கேட்டுவிட்டுத் துப்பினார்.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு கண்ணாடித் துண்டில் சளியைத் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்கி, அதன்மேல் அமிலத்தை ஊற்றினேன். அமிலம் பட்டால் மற்ற எல்லாக் கிருமிகளும் சிவப்பை விட்டுவிடும். இந்தக் கிருமி விடாது. அதன் மேல்தோல் மெழுகால் ஆனது. குடித்த சாயத்தை எந்த அமிலத்துக்கும் திருப்பித் தராது. பிறகு நீலம் ஊற்றிக் கழுவி மைக்கிராஸ்கோப்பில் பார்த்தால், நீலப் பரப்பில் அது மட்டும் சிவப்பாக, நூல் துண்டுகளைப்போல் கிடக்கும். எத்தனையோ பேருடைய சளியில் அதைப் பார்த்துவிட்டு, சலனமில்லாமல் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்குக் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். சிவப்புதான். அப்பாவுக்குக் காசநோய்.

இந்தக் கிருமியைப் பற்றி எனக்கு ஒரு தனிப்பட்ட கோபம் உண்டு. மற்றக் கிருமிகள் சண்டைக்காரர்கள். வந்தோம், அடித்தோம், ஆளைக் கொன்றோம் அல்லது செத்தோம் என்று அவசரப்படும். இது அவசரப்படாது. மற்றவை நிமிடக்கணக்கில் பெருகினால், இது ஒன்று இரண்டாவதற்கு முக்கால்வாசி நாளை எடுத்துக்கொள்ளும். உடம்பில் கிருமியைக் கண்டால் விழுங்கிச் செரிக்கிற காவல் அணுக்கள் இருக்கின்றனவே, அவை இதையும் விழுங்கும். இது செரியாது. செரிக்கிற வேலையையே நிறுத்திவிட்டு, விழுங்கியவனின் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். திருடன் போலீஸ் நிலையத்திலேயே வாடகைக்கு அறை எடுத்த கதைதான். உடம்பு என்ன செய்யும்? சுற்றிலும் சுவர் எழுப்பி அடைத்து வைக்கும். அடைத்தாலும் சாகாது. சாப்பாட்டைக் குறைத்து, மூச்சைக் குறைத்து, வருடக்கணக்காகத் தூங்கும். ஆள் தளர்கிற நாளுக்காகக் காத்திருக்கும். அப்புறம் நெஞ்சை அரித்து இருமலைக் கிளப்பி, அந்த இருமலிலேயே ஏறி அடுத்த வீட்டுக்குப் போகும்.

இருமலில் ஏறிப் போகும் என்றேன். காற்றில் போகும். டம்ளரில் போகாது, தட்டில் போகாது, வெற்றிலையில் போகாது. இதை நான் அம்மாவிடம் சொன்ன தடவைகளுக்குக் கணக்கில்லை.

அப்பாவுக்கு மருந்து தொடங்கிய வாரமே அம்மா அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். தட்டு பழசு, அடையாளம் தெரியும். டம்ளர் மட்டும் மற்றச் சில்வர் டம்ளர்களைப் போலவே இருந்தது. கலந்துவிடக் கூடாதே என்று, நான் பழைய அலுமாரியில் விட்டுப்போயிருந்த நகப்பூச்சை எடுத்து அடியில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். குப்புறக் கவிழ்த்தால் புள்ளி தெரியும். அடுப்பங்கரையில் மற்றவை ஒரு பக்கம், அது ஒரு பக்கம்.

ஆனால் படுக்கிற இடம்? லயத்துக் காம்பராவில் ஒரே அறை. மலைக்காற்று உள்ளே வராமலிருக்க கூரை இடுக்கெல்லாம் பேப்பர் ஒட்டி, ஜன்னலில் உரச்சாக்கை ஆணி வைத்து அடித்திருந்தார்கள். அந்த மூடிய அறைக்குள்தான் அப்பா மாதக்கணக்காக இருமினார். அம்மா அதே காற்றைத்தான் குடித்தார். அப்போதெல்லாம் ஒரே டம்ளர்தான், பயமில்லை. நோய்க்குப் பெயர் தெரிந்து, மாத்திரை விழுங்கி, கிருமி அடங்கத் தொடங்கிய பிறகு டம்ளரைப் பிரித்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

நான் போய் முதலில் அந்தச் சாக்கைப் பிய்த்து எறிந்தேன்.

"அடியாத்தி, பனியில எங்கள சாகச் சொல்றியா?" என்று அம்மா கத்தினார்.

"காத்து வந்தா சளிதாம்மா புடிக்கும். காத்து வராட்டிதான் சாவீங்க."

"டவுனுல இருக்கிறவளுக்கு என்னா தெரியும் குளிரு?"

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி! அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "ரெண்டு பேரும் சண்ட போடுங்க. அதுலயே காம்பரா சூடாயிரும்" என்றார்.

அம்மாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். சின்ன வயதில் அவருடைய அண்ணன் இரத்தம் கக்கிச் செத்திருக்கிறார். அப்போது மாத்திரை எட்டாத மலை அது. லயத்துச் சனங்கள் அந்த வீட்டுப் பக்கம் நெருப்புக்குக்கூட வரவில்லையாம். அண்ணனுடைய தட்டையும் டம்ளரையும் அவரோடு சேர்த்துக் குழியில் போட்டு மூடினார்களாம். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற சின்னப்பெண்தான் என் அம்மா. கிருமியைப் பற்றி அவருக்குத் தெரிந்த பாடம் அந்தக் குழி ஒன்றுதான்.

அப்பா மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கினார். தினமும் காலையில் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நடந்துபோய், அங்கே மருந்து கொடுப்பவர் கண் முன்னாலேயே விழுங்கிவிட்டு வருவார். மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. "பாப்பா, வெத்தல போட்டுத் துப்புன மாதிரி போகுது, அது பரவாயில்லையா?" என்று போனில் கேட்டார். பரவாயில்லை என்றேன். உடம்பு தேறியது. கழுத்துப் பள்ளம் நிரம்பியது. அம்மாவையும் கூட்டிப்போய் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தோம். சுத்தமாக இருந்தது. ஆறு மாதம் முடிந்து அப்பாவின் சளியை மறுபடி பார்த்தபோது முழுக்க நீலம். தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு சிவப்பு நூல் இல்லை. எனக்குக் கூத்தாட வேண்டும் போலிருந்தது. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறுமுன் ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு மலைக்குப் போனேன்.

அம்மா லட்டை மூன்று பங்காக வைத்தார். அப்பாவின் பங்கு அந்தப் பழைய தட்டில். தேத்தண்ணி அந்தச் சிவப்புப் புள்ளி டம்ளரில்.

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. டம்ளரைத் தேத்தண்ணியோடு தூக்கி வெளியே வீசினேன். லயத்துக்குக் கீழே பள்ளம். தேயிலைச் செடிகளுக்குள் டங் டங்கென்று உருண்டு போய்விட்டது. "போச்சு, சனியன் தொலஞ்சிச்சி" என்றேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவைக் காணோம். எட்டிப் பார்த்தால், தேறி வந்த நெஞ்சோடு பள்ளத்தில் இறங்கி, செடிகளை விலக்கித் தேடிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க மேலே ஏறி வந்தவர் கையில் டம்ளர் இருந்தது.

"ஏம்ப்பா? ஒங்களுக்குச் சூடு சொரண இல்லையா?"

அவர் குழாயடியில் அதைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இது இருந்தாத்தான் ஒங்கம்மா பயமில்லாமத் தூங்குது. எதுல குடிச்சா என்னா, தேத்தண்ணி தேத்தண்ணிதானே."

அதற்குப் பிறகு நான் எறியவில்லை. வாய் மட்டும் ஓயவில்லை. போகும்போதெல்லாம் சொல்வேன். அம்மா தலையாட்டுவார், "சரி புள்ள, மாத்திர்றேன்" என்பார். அடுத்த முறை போனால் அது அதே மூலையில் கவிழ்ந்திருக்கும்.

எனக்கு மகள் பிறந்தபோது அப்பா கெலிஓயாவுக்கு வந்தார். பஸ் மாறி மாறி, மழையில் நனைந்து, ஒரு பையில் அவரைக்காயும் மரக்கறியும் சுமந்து வந்தார். கதவுக்கு அருகே கிடந்த கதிரையில் உட்கார்ந்தார். நான் தேத்தண்ணி ஊற்றக் கோப்பையை எடுத்தேன். "இரு பாப்பா" என்றவர் பைக்குள் கையை விட்டு, பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். அந்த டம்ளர்.

"இதுல ஊத்து."

நான் அழுதுவிட்டேன். பிள்ளை பெற்ற பச்சை உடம்பு, அழக்கூடாது என்று அவர்தான் பதறினார். பிள்ளையை மடியில் வைக்கப்போனேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தூரத்துலருந்தே நல்லாத்தானே தெரியுது. மூக்கு என் மூக்கு" என்றார். எத்தனை சொல்லியும் கடைசிவரை வாங்கவில்லை. அவருடைய உடம்பில் நோய் இல்லை என்று எனக்குத் தெரியும், என் கணவருக்குத் தெரியும், ஏன், அவருக்கே தெரியும். கிருமி போன பிறகும் ஒதுங்கி இருக்கிற பழக்கம் அவருடைய எலும்பில் ஊறிவிட்டது. கிருமிக்கு மாத்திரை உண்டு, இதற்கு என்ன மாத்திரை இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு சில வருடங்கள் நல்லபடியாகவே போயின. பிறகு ஒரு மழைக்காலத்தில் அப்பா இரத்தம் துப்பினார். தோட்டமே "அது திரும்பிருச்சி" என்றது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நான் சளியை வாங்கிப் பார்த்தேன். நீலம்தான். அது திரும்பவில்லை. பழைய கிருமி அரித்துவிட்டுப் போன பள்ளம் ஒன்று நெஞ்சுக்குள் ஆறிக் கிடந்தது. அந்தக் காலிப் பள்ளத்தில் ஒரு பூஞ்சை வந்து குடியேறி உருண்டையாக வளர்ந்திருந்தது. ஈரமான பாண் ரொட்டியில் பூக்கிற பூஞ்சை இனம்தான். சுவாசிக்கிற காற்றில் எப்போதும் இருப்பது. நல்ல நெஞ்சில் அதற்கு இடம் கிடைக்காது. ஒருவர் கைவிட்டுப் போன வீட்டில் வேறொருவர் நுழைந்துகொண்டார், அவ்வளவே. கண்டியில் வார்டில் வைத்துப் பார்த்தார்கள். இரத்தம் நிற்கவில்லை. பின்னேரம் பார்வையாளர் நேரம் முடிந்து நான் படியிறங்கிக் கொண்டிருந்தபோது திரும்பக் கூப்பிட்டார்கள். அப்பா போய்விட்டார்.

பிரேதத்தை மலைக்குக் கொண்டுபோனோம். வந்தவர்கள் தூரத் தூர நின்றார்கள். "அந்த நோயில்லீங்க, இது வேற" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிப்போயிற்று. தலையாட்டிவிட்டு இன்னும் ஓரடி தள்ளி நின்றார்கள். குழிக்குத் தூக்குகிற நேரத்தில் ஒரு பெரியவர், "அவரோட தட்டு டம்ளரையும் கூடவே போட்டிருங்க, வீட்டுல வச்சிருக்கக் கூடாது" என்றார். அம்மா எழுந்து உள்ளே போனார். தட்டை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்.

"டம்ளரு?"

"தொலஞ்சி போச்சி" என்றார் அம்மா. அது பொய். அன்று காலையிலும் அடுப்பங்கரை மூலையில் அதைப் பார்த்திருந்தேன். எதற்காக என்று எனக்கு விளங்கவில்லை. விசாரிக்கிற நிலையிலும் நான் இல்லை.

கருமாதி முடிந்ததும் அம்மாவைக் கெலிஓயாவுக்கு வரச்சொல்லிக் கெஞ்சினேன். வரமாட்டேன் என்றார். அங்கேயே தனியாக இருந்தார். சரியாகச் சாப்பிடவில்லை. சீனி வருத்தமும், அதுதான் நீரிழிவு, வந்துவிட்டது. மெலிந்து கொண்டே போனார். துக்கம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன், துக்கம் இல்லாமலா போகும். பிறகு இருமத் தொடங்கினார். போனில் அந்த இருமலைக் கேட்டதுமே மறுநாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். அம்மா ஸ்டோரில் வேலை செய்தவரல்ல. மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். தூள் என்று சொல்ல ஒரு சாக்கும் இல்லை.

அம்மாவின் கண்ணாடித் துண்டில் சிவப்பு நிறையக் கிடந்தது. மூடிய காம்பராவில் அப்பா பெயர் தெரியாமல் இருமிய அந்த மாதங்களில் உள்ளே போனது. படத்தில் அகப்படாமல், சுவருக்குள் சுருண்டு, இத்தனை வருடம் தூங்கியிருக்கிறது. சீனியும் பட்டினியும் அழுகையும் காவலைத் தளர்த்தியதும் எழுந்துகொண்டது. டம்ளரை ஒதுக்கியபோது அது ஏற்கெனவே அம்மாவின் நெஞ்சுக்குள் இருந்தது. மைக்கிராஸ்கோப்பில் கண் வைத்தபடி, "நாசமாப் போறதே" என்று வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்து மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மருந்து எழுதி வாங்கிக்கொண்டு, வலுக்கட்டாயமாக அம்மாவைக் கெலிஓயாவுக்குக் கூட்டிவந்தேன். ஜன்னல் பக்கமாகக் கட்டிலைப் போட்டு, ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்தேன். ஆரம்ப வாரங்களுக்கு மகளை மட்டும் என் கணவரின் அக்கா வீட்டில் விட்டோம். காலையில் மாத்திரையோடு தண்ணீர் எடுத்துப் போனேன். அம்மா, "இரு புள்ள" என்று தன் பையைத் துழாவினார். பேப்பர் சுற்றிய ஒன்றை எடுத்தார். பிரிக்கும் முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தொலஞ்சி போச்சின்னீங்க?"

"பொட்டிக்குள்ள வச்சிருந்தேன்." டம்ளரை மடியில் வைத்துக்கொண்டார். "அவரு போனதிலருந்து நான் இதுலதான் குடிக்கிறேன். உசிரோட இருக்கிறப்ப தைரியம் வரல."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"அதுலதானே எனக்கு வந்திச்சி?" என்று கேட்டார். பயந்து கேட்கவில்லை. அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. ஆமாம் என்று நான் சொன்னால் போதும் போலிருந்தது. புருசன் டம்ளரில் குடித்தேன், அவருடைய நோயை வாங்கிக்கொண்டேன், கணக்குச் சரி என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். ஆனால் அந்த டம்ளர்மேல் மறுபடியும் ஒரு பழியா? என் அப்பாவின்மேல் இன்னொரு பழியா? ஆமாம் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"இல்லம்மா. அதுல வரல. அது காத்துல வாரது. அவருக்கு என்னான்னு தெரியாம இருமுனப்பவே ஒங்களுக்குள்ள போயிருச்சி."

"அப்ப இந்த டம்ளரு?"

"அது ஒண்ணும் செய்யலம்மா. யாருக்கும் எப்பவும் ஒண்ணும் செய்யல. நான்தான் தொண்ட கிழியச் சொன்னேனே."

அம்மா டம்ளரைக் கவிழ்த்து, அடியிலிருந்த சிவப்புப் புள்ளியைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டத் தொடங்கினார். கொழுந்து எடுத்து எடுத்துத் தேய்ந்த நகம். புள்ளி அசையவில்லை. சேலைத் தலைப்பில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். பிறகும் சுரண்டினார்.

"இத அழிக்கிறதுக்கு ஏதாச்சும் இருக்கா புள்ள?"

அலுமாரியில் நகப்பூச்சு அழிக்கிற தைலம் இருந்தது. பஞ்சில் ஊற்றி அவர் கையில் கொடுத்தேன். அம்மா ஒரே ஒரு தரம் துடைத்தார். புள்ளி போய்விட்டது. பஞ்சில் கொஞ்சம் சிவப்பு, டம்ளரின் அடி வெறும் வெள்ளியாக மற்ற எந்த டம்ளரையும்போல.

அம்மா பஞ்சைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார். "அவரு இருக்கிறப்பவே ஒன்கிட்ட கேட்டிருக்கலாமே."

அப்புறம்தான் அவர் அழுதார். அப்பா செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. நான் டம்ளரை வாங்கி, தண்ணீர் ஊற்றி, மாத்திரையை அவர் வாயில் போட்டு, குடிக்கவைத்தேன்.